நடு வீட்டில் காலைத் தூக்கும் குட்டி

நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்தாலும் என்று தொடங்கும் பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் நாய்க்கு இடம் திண்ணைக்கு வெளியேதான். கொல்லை இருந்தது, தெரு இருந்தது, வயல் இருந்தது. அது எங்கே காலைத் தூக்கியது என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இன்று தில்லியில், லிப்ட் இல்லாத டி.டி.ஏ. குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வாழும் நமக்குத் திண்ணையும் இல்லை, கொல்லையும் இல்லை. குட்டி வந்தால் நேராக நடு வீட்டுக்குத்தான் வருகிறது.

குழந்தைகள் கெஞ்சிக் கூத்தாடி ஓர் ஆண் குட்டியைக் கொண்டுவருகிறார்கள். முதல் மூன்று, நான்கு மாதங்கள் எல்லாம் கொண்டாட்டம். தரையில் ஈரம் செய்தால் கூட "குட்டிதானே" என்று துடைத்துவிடுகிறோம். ஏழெட்டு மாதமானதும் ஒரு நாள் அது பிரிட்ஜ் மூலையில் பின்னங்காலைத் தூக்குகிறது. மறுநாள் சோபா. அதற்கடுத்த நாள், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியின் பெட்டி. அத்துடன் வீடு இரண்டு கட்சியாகிவிடுகிறது. "பூஜை செய்கிற வீட்டில் இதென்ன அசிங்கம்?" என்று ஒரு கட்சி. "பாவம், வாயில்லா ஜீவன்" என்று இன்னொரு கட்சி. சில வீடுகளில் முதல் கட்சி வென்றுவிடுகிறது. மார்க்கெட் வாசலிலும் பார்க் ஓரத்திலும் கழுத்துப் பட்டையோடு, எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் வளர்ந்த நாய்களை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். தெருவில் ஏற்கெனவே இருக்கும் கூட்டம் அவற்றைச் சேர்த்துக்கொள்வதில்லை. வீட்டுச் சோறு தின்று வளர்ந்தது, தெருவில் தேடித் தின்னவும் தெரியாது.

ஆகவே இது தரை துடைக்கிற சமாசாரம் மட்டுமல்ல. ஓர் உயிர் வீட்டில் இருக்குமா, தெருவுக்குப் போகுமா என்பது பல சமயம் இந்த ஒரு பழக்கத்தில்தான் முடிவாகிறது. நான் சொல்ல வருவது இதுதான்: இது பிடிவாதமோ பழிவாங்கலோ அல்ல. காரணம் உள்ள ஒரு பழுது. காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரி செய்துவிடலாம்.

எல்லா ஈரமும் ஒன்றல்ல

முதலில் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாலு விதம் உண்டு.

ஒன்று, அடக்க முடியாமல் போவது. பை நிறைந்துவிட்டது, வெளியே அழைத்துப் போக ஆளில்லை, தரையில் பெரிய குளமாகப் போய்விடுகிறது. சின்னக் குட்டிகள் ஆணானாலும் உட்கார்ந்தபடிதான் போகும். இது பழக்கிவிடாத குறை.

இரண்டு, அடையாளம் வைப்பது. அளவு கொஞ்சம்தான். சில துளிகள், அல்லது ஒரு சிறு பீச்சல். இடம் பெரும்பாலும் நிற்கும் பொருள்: கதவு நிலை, மேஜைக் கால், திரைச்சீலை, சுவர் மூலை. முதலில் நன்றாக மோந்து பார்க்கும், பிறகு காலைத் தூக்கும். வெளியே போய்விட்டு வந்த ஐந்து நிமிஷத்தில் கூடச் செய்யும். "இப்போதுதானே கீழே போய்விட்டு வந்தது!" என்று நாம் கோபப்படுவது இதற்குத்தான். பையை காலி செய்வது அதன் நோக்கமல்ல என்பதால் கீழே போய்விட்டு வந்ததும் வராததும் அதற்கு ஒன்றுதான். ஆண் நாய் பருவத்துக்கு வரும்போது, சாதாரணமாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், இது தொடங்கும்.

மூன்று, உணர்ச்சியில் ஒழுகுவது. நாம் வீட்டுக்குள் நுழைந்ததும் சந்தோஷத்தில் துள்ளும்போதோ, அதட்டினால் குனிந்து பம்மும்போதோ சில சொட்டு விட்டுவிடும். அதை அதட்டினால் இன்னும் அதிகமாகும். வீட்டுக்குள் வந்ததும் சற்று நேரம் கண்டுகொள்ளாமல் இருந்து, அது அடங்கிய பிறகு தடவிக் கொடுத்தால் போதும். வயது ஏற ஏறப் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும்.

நான்கு, நோய். அடிக்கடி போவது, முக்குவது, ரத்தம் கலந்து வருவது, தண்ணீரை வழக்கத்துக்கு மேல் குடிப்பது, நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போவது ஆகியவை சிறுநீர்த் தொற்று, கல், சர்க்கரை வியாதி போன்றவற்றின் அறிகுறியாக இருக்கலாம். முக்கியும் சிறுநீர் வரவே இல்லை என்றால் அது அவசரம். ஆண் நாய்க்குக் கல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது. எந்தப் பயிற்சியும் தொடங்குமுன் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

மூக்கால் படிக்கும் செய்தித்தாள்

நாய்க்கு உலகம் கண்ணால் அல்ல, மூக்கால். மூக்கின் வாசனை அறியும் பகுதி போதாதென்று, வாயின் மேலண்ணத்தில் யாக்கப்சன் உறுப்பு என்ற ஒன்றும் அதற்கு உண்டு. மற்ற விலங்குகள் விட்டுச் சென்ற ரசாயனச் செய்திகளை வாங்குவது அதன் வேலை. ஒரு கம்பத்தை மோந்தே இங்கே வந்தது ஆணா பெண்ணா, எவ்வளவு நேரமாயிற்று, தெரிந்ததா புதிதா என்றெல்லாம் அது தெரிந்துகொள்கிறது. நாம் காலையில் காப்பியோடு பேப்பர் படிப்பது போலத்தான். படித்ததற்குப் பதிலாகத் தன் பங்குக்கு இரண்டு வரி எழுதிவிட்டு வருகிறது.

வெளியே எழுதினால் நமக்குக் கவலையில்லை. வீட்டுக்குள் எழுதத் தூண்டுவது எது என்பதுதான் கேள்வி. நம் வீடுகளில் புதிய வாசனை எத்தனை வழியாக நுழைகிறது என்று எண்ணிப் பாருங்கள். கேஸ் சிலிண்டர் எத்தனையோ வீடுகளின் வாசனையோடு வருகிறது. ரயிலில் இரண்டு ராத்திரி கிடந்து வந்த பெட்டி, சந்தையில் தரையில் வைத்துத் தூக்கி வந்த காய்கறிப் பை, வேறு நாய் வளர்க்கும் நண்பரின் கால்சட்டை, புதிதாக வாங்கிய மேஜை, எல்லாமே அதற்கு அன்னியர் எழுதிய கடிதம். தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பிக்கு வெளியே தெரு நாய்கள் நடமாடுவதே போதும். புதுக் குழந்தை, புது மனிதர், வீடு மாற்றம் ஆகியவையும் அதைக் கலக்கும். மாற்றல் உத்தியோகத்தில் இருப்பவர்கள் புதுக் குவார்ட்டர்ஸில் பெட்டியை இறக்கிய அன்றே நாய் காலைத் தூக்கியதைப் பார்த்திருப்பார்கள். அந்த வீட்டில் முன்பு இருந்தவரும் நாய் வளர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பழுதுப் பதிவேடு

ரயில்வேயில் ஒரு சிக்னல் பழுதானால் நாங்கள் சிக்னலைத் திட்டுவதில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, மழையா வெயிலா, அதற்கு முன் என்ன நடந்தது என்று பதிவேட்டில் எழுதுவோம். பத்துப் பதினைந்து பதிவுகள் சேர்ந்தால் பழுது தானே தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இந்த முறை நாய்க்கும் பொருந்தும்.

எங்கள் வீட்டில் பேரன் காலனி வாசலிலிருந்து எடுத்து வந்த நாட்டுக் குட்டி ஒன்று இருக்கிறது. பெயர் மணி. எட்டாவது மாதத்தில் காலைத் தூக்கத் தொடங்கினான். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவதால் பகலில் அவனுக்குக் காவல் நான்தான். பேரனின் பழைய நோட்டில் ஐந்து கட்டம் போட்டோம்: தேதி, நேரம், இடம், அளவு, அதற்கு முன் நடந்தது. இரண்டு வாரத்தில் 13 பதிவுகள். அவற்றில் ஐந்து, காலையில் வேலைக்கு வரும் அம்மாள் நுழைந்த சிறிது நேரத்தில், அவர் செருப்பு விடும் இடத்தருகில். அவர் எங்களுக்கு முன் நாய் வளர்க்கும் இரண்டு வீடுகளில் வேலை முடித்துவிட்டு வருகிறவர். நான்கு, மாலையில் தெரு நாய்கள் குரைத்த பிறகு பால்கனிக் கம்பியில். இரண்டு, சிலிண்டர் மாற்றிய நாட்களில் சமையலறை வாசலில். மீதி இரண்டுக்குக் காரணம் பிடிபடவில்லை.

"தாத்தா, மணி கெட்டவன் இல்லை, செருப்புதான் கெட்டது" என்றான் பேரன். செருப்பு வைக்கும் ஸ்டாண்டைக் கதவுக்கு வெளியே மாற்றினோம். பால்கனிக் கம்பியின் கீழ்ப்பாதியைப் பலகையால் மறைத்தோம். சிலிண்டர் வரும் நாளில் அதை ஈரத் துணியால் துடைத்து உள்ளே வைக்கும் வரை மணியை வேறு அறையில் அடைத்தோம். செலவு சொற்பம். அடுத்த மாதம் முழுவதிலும் பதிவுகள் மூன்றுதான். பயிற்சி என்று பெரிதாக எதுவும் தொடங்கும் முன்பே கிடைத்த பலன் இது.

கால அட்டவணை

அடையாளம் வைப்பதை நிறுத்த வேண்டுமானால், அடிப்படைப் பழக்கம் முதலில் பலமாக இருக்க வேண்டும். அதற்குக் கால அட்டவணை தவிர வேறு மந்திரம் இல்லை.

குட்டியின் வயது எத்தனை மாதமோ அதனுடன் ஒன்று கூட்டுங்கள். பகலில் அதனால் அடக்க முடிவது அதிகபட்சம் அத்தனை மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரம். அது எல்லைதான், இலக்கல்ல. அதற்கு முன்பே அழைத்துப் போக வேண்டும். இது தவிர, தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிந்ததும், இரவு படுக்குமுன்னும் கட்டாயம். தினமும் ஒரே இடம், ஒரே சொல். "ஒன்றுக்குப் போ" என்றாலும் சரி, "சூ சூ" என்றாலும் சரி, வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். போய் முடித்த அந்தக் கணமே பாராட்டி, கையில் உள்ள சிறு துண்டைக் கொடுக்க வேண்டும். சைவ வீட்டில் பனீர்த் துண்டு போதும். மூன்று மாடி ஏறி வந்து கொடுத்தால் அது மாடி ஏறியதற்குக் கிடைத்த கூலி என்றுதான் நாய் நினைக்கும்.

தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெரு நாய்கள் புழங்கும் புல்வெளியில் விடக்கூடாது. பார்வோ என்னும் வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். குட்டிகளைக் கொல்லும் நோய் அது. தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில், ஏறத்தாழ 16 வாரம் வரை போடப்படும். அதுவரை பால்கனியில் ஒரு தட்டில் செய்தித்தாளோ புல் துண்டோ வைத்துப் பழக்கலாம். பிறகு தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி வெளியே மாற்றலாம்.

வளர்ந்த ஆண் குட்டியை வெளியே அழைத்துப் போனால், முதலில் ஓர் இடத்தில் நின்று பையை முழுவதும் காலி செய்ய விடுங்கள். அதன் பிறகே உலாத்தல். கம்பத்துக்குக் கம்பம் எழுதிக்கொண்டே போவதை முதல் வேலையாக விட்டால், அதே வழக்கத்தை வீட்டுக்குள்ளும் தொடரப் பார்க்கும். தில்லி வெயிலில் மே, ஜூன் மாதங்களில் சூரியன் ஏறுமுன்னும் அஸ்தமனத்துக்குப் பிறகும்தான் நடை. தார் சாலை அதன் பாதத்தைச் சுட்டுவிடும். ஜனவரிப் பனியில் நமக்குப் போர்வையை விட்டு எழ மனம் வராது. ஆனால் குட்டியின் அட்டவணைக்கு விடுமுறை கிடையாது.

கண் பார்வையும் தண்டனையும்

வீட்டுக்குள் இருக்கும்போது சில வாரங்களுக்கு அது நம் பார்வையை விட்டு நகரக்கூடாது. நீளக் கயிறு ஒன்றை அதன் பட்டையில் கட்டி மறு முனையை நம் இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். காய் நறுக்கினாலும் டி.வி. பார்த்தாலும் கூடவே இருக்கும். மோந்துகொண்டே ஒரு மூலையைச் சுற்றத் தொடங்கினால் கை தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே அழைத்துப் போக வேண்டும். பார்க்க ஆளில்லாத நேரத்தில் அது படுத்துத் தூங்கும் இடத்திலேயே, சிறு அடைப்புக்குள் வைக்கலாம். படுக்கும் இடத்தை நாய் சாதாரணமாக அசுத்தம் செய்யாது. ஆனால் மணிக்கணக்கில் பூட்டி வைப்பது கொடுமை. பூஜை அலமாரி இருக்கும் அறைக்கு ஒரு சிறு தடுப்புக் கதவு போட்டுவிட்டால் பாட்டியின் கவலை பாதி தீரும். வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப் பட்டியும் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. விருந்தினர் வரும் நாளுக்கு உதவும். நனைந்தால் உடனே மாற்றாவிட்டால் தோல் புண்ணாகும். பழக்கத்தை அது மாற்றாது, தரையை மட்டும் காப்பாற்றும்.

மூக்கை ஈரத்தில் தேய்த்து அடிப்பது பலர் சொல்லும் வைத்தியம். அது பலன் தராது. செய்து பத்து நிமிஷம் கழித்து அடித்தால் எதற்கு அடி என்று நாய்க்குத் தெரியாது. செய்யும்போதே அடித்தால், "இவர் எதிரில் போகக்கூடாது" என்று மட்டும் கற்றுக்கொள்ளும். பிறகு சோபாவுக்குப் பின்னால் போகும், வெளியே அழைத்துப் போனாலும் நம் எதிரில் போகத் தயங்கும். "தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்" என்பார்கள். அமெரிக்காவில் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ஆம் ஆண்டு 14 நாய்களை வைத்துச் செய்த ஆய்வில் இதைச் சோதித்தார். நாய் தவறு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்றவாளி முகத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. எஜமானர் திட்டினால் தவறே செய்யாத நாயும் அதே முகத்தைக் காட்டியது. அந்த முகம் நம் கோபத்துக்குப் பதில், குற்ற உணர்வு அல்ல.

கழுவுவதில் கவனம்

நம் மூக்குக்கு நாற்றம் போய்விட்டால் சுத்தம் என்று நினைக்கிறோம். நாயின் மூக்குக்கு அது போதாது. பழைய எழுத்து இருக்கும் இடத்தில்தான் புது எழுத்தும் விழும். பினாயில் நாற்றத்தை மறைக்குமே தவிரச் சிறுநீரின் சுவட்டை அழிக்காது. கரி பினாயிலில் உள்ள பொருட்கள் நாயின் பாதத்துக்கும் வாய்க்கும் கெடுதல். அமோனியா கலந்த திரவங்கள் சிறுநீர் போலவே வாசம் தருவதால் மீண்டும் அழைத்து வரும். பிளீச்சிங் திரவத்தைச் சிறுநீர் மேல் ஊற்றினால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு வரும். அதைக் கக்கூஸ் ஆசிட்டோடு கலப்பது அதைவிட ஆபத்து.

சரியான வழி: முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டு மீண்டும் ஒற்றுங்கள். பிறகு சிறுநீர்க் கறைக்கென்றே விற்கும் என்சைம் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, புட்டியில் சொல்லியுள்ள நேரம் ஊற விடுங்கள். உடனே துடைத்தால் என்சைம் வேலை செய்யாது. டைல்ஸ் தரைக்குப் பாதித் தண்ணீர் கலந்த வினிகரும் ஓரளவு உதவும். ஆனால் மார்பிள், மொசைக், கோட்டா கல் தரைகளில் வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதுவும் படக்கூடாது. இவை சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள், அமிலம் மெருகை அரித்துவிடும். பழைய கறைகள் எங்கே என்று தெரியாவிட்டால், ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டிப் பாருங்கள். கறை இருக்கும் இடம் மங்கலாக ஒளிரும்.

அறுவை சிகிச்சை

கிராமத்தில் காயடிப்பது என்பார்கள். இன்று மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் செய்யும் சாதாரண அறுவை சிகிச்சை. "இயற்கைக்கு விரோதம்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவது உண்டு. பலன் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் 57 ஆண் நாய்களைப் பற்றி 1997-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் அடையாளம் வைப்பது, மேலே தாவுவது, ஊர் சுற்றுவது ஆகிய பழக்கங்கள் 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட நாய்களிடம் பாதியளவோ அதற்கு மேலோ குறைந்தன. ஏறத்தாழ முற்றிலும் நின்றது என்று சொல்லும்படி 90 சதவீதம் குறைந்தவை 25 முதல் 40 சதவீதம். ஆக, நல்ல உதவிதான், ஆனால் முழு உத்தரவாதம் அல்ல. அறுவைக்குப் பிறகும் அட்டவணையும் கழுவலும் தேவை. எந்த வயதில் செய்வது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ராஜபாளையம் போன்ற பெரிய உடல்வாகு உள்ளவற்றுக்கு எலும்பு வளர்ச்சி முடியும் வரை காத்திருக்கச் சொல்வதுண்டு.

வீட்டாரும் அயலாரும்

பூஜை வீட்டில் அசுத்தம் கூடாது என்று பாட்டி சொல்வதில் தவறில்லை. நாயின் மேல் வெறுப்பு என்று அதை எடுத்துக்கொள்ளாமல், அந்த அறைக்கு முதல் பாதுகாப்பு செய்துகொடுத்தால் அவரே நம் கட்சிக்கு வந்துவிடுவார். அதேபோல் படிக்கட்டும் லிப்டும் அயலாருக்கும் சொந்தம். நாய் வளர்க்கக் கூடாதென்று குடியிருப்புச் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த உரிமையைக் காட்டி வாதாடுவதைவிட, கையில் ஒரு பழந்துணியும் தண்ணீர்ப் புட்டியும் எடுத்துப் போவது அயலாரை வேகமாகச் சமாதானப்படுத்தும். தில்லியில் நாயை மாநகராட்சியில் பதிவு செய்வதும் சட்டப்படி கட்டாயம்.

வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும் நிலையில் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். சொந்த ஊரை விட்டு, சித்தப்பா பெரியப்பா குழந்தைகள் பக்கத்தில் இல்லாமல் வளரும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் குட்டி எத்தனை பெரிய துணை என்பது நமக்குத் தெரியும். தொல்லை கொடுத்தால் துரத்திவிடலாம் என்ற பாடத்தை அவர்கள் நம்மிடம் கற்க வேண்டாம்.

ஆறிலிருந்து எட்டு வாரம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டு, ஒரு கயிறு, ஒரு புட்டி என்சைம் திரவம், வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல், இவ்வளவுதான் சாமான். இரண்டு வாரப் பதிவுகளை எழுதிய பிறகும் காரணம் பிடிபடாவிட்டால், அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். வாயால் சொல்லும் பத்து நிமிஷப் புகாரைவிட அவருக்கு அதுதான் அதிகம் பயன்படும்.